நாலு பிள்ளைகள், ஒரே ஆள், காலை 8 முதல் மாலை 7 வரை: என்னென்ன தயார் பண்ணணும்?

செண்பகம்_திருச்சி
எல்லாருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை என் நாத்தனாரோட மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருக்கணும், அதனால பிள்ளைங்க நாலு பேரும் எங்க வீட்டுக்கு வர்றாங்க. மூத்தவளுக்கு 9 வயசு, இரட்டைப் பசங்களுக்கு 6, கடைக்குட்டி பாப்பாவுக்கு 20 மாசம். நாலும் துறுதுறுன்னு இருக்கும், ஒரு இடத்துல நிக்காது. எங்க வீடு ரெண்டாவது மாடி, ரெண்டு ரூம், ஒரு பால்கனி. சின்னக் குழந்தை இல்லாத வீடு, அதனால எதுவும் எடுத்து ஒதுக்கி வெச்சதில்லை. வீட்டுக்காரருக்கு அன்னைக்கு வேலை, நான் ஒருத்திதான். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, சண்டை எல்லாத்துக்கும் விவரமா சொல்லுங்க.

பால்வாடி_டீச்சர்
செண்பகம், முதல்ல பாப்பா மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்குவான்னு நாத்தனார்கிட்ட கேட்டு வாங்குங்க. அந்த ஒன்றரை மணி நேரம்தான் அன்னைக்கு நாள் முழுசுக்கும் அச்சாணி. இந்த வயசுக் குழந்தை பெரும்பாலும் மத்தியானம் ஒரு தடவைதான் தூங்கும். 12:30-க்குத் தூங்குற பாப்பான்னா 11:45-க்கு எல்லாருக்கும் சோறு. காலையில ஆட்டம் பாட்டமெல்லாம் 9:30-ல இருந்து 11 மணிக்குள்ள. பாப்பா தூங்குறப்போ பெரியவங்களுக்கு உட்கார்ந்து ஆடுற விளையாட்டு. இப்படிப் பின்னாடியில இருந்து கணக்குப் போட்டு வாங்க.

தூக்கத்தைத் தள்ளிப் போட்டா என்ன ஆகும்னா, பாப்பா 3 மணிக்குக் கண் அசந்து 5 மணிக்கு எழுந்திருக்கும். அதுக்குள்ள பசங்களும் களைச்சுப் போயிருப்பாங்க. 5-ல இருந்து 7 வரைக்கும் நாலும் சேர்ந்து அழும்.

இன்னொண்ணு: நாலு பேரையும் ஒரே விளையாட்டுல உட்கார வைக்காதீங்க. பாப்பா கலைச்சுப் போடும், பசங்க அவளை அடிப்பாங்க, மூத்தவ சலிச்சு எழுந்து போயிடுவா. பாப்பாவுக்கு உங்க கை எட்டுற தூரத்துல ஒரு வேலை, மத்த மூணு பேருக்கும் உங்க கண் எட்டுற தூரத்துல ஒரு வேலை. இந்தப் பிரிவினை இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்
வீட்டைப் பத்தி நான் சொல்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி தரையில முட்டி போட்டு ஒரு தடவை எல்லா ரூமையும் சுத்தி வாங்க. 20 மாசப் பிள்ளையோட உயரத்துல இருந்து பார்த்தாத்தான் கட்டிலுக்கு அடியில கிடக்குற மாத்திரையும் ஊக்கும் தெரியும்.

பாத்ரூம் பக்கெட்டுதான் முதல் பயம். பிடிச்சு வெச்ச தண்ணியை ஊத்திட்டுப் பக்கெட்டையும் அண்டாவையும் கவிழ்த்து வெச்சிடுங்க. இந்த வயசுல தலை கனம், எட்டிப் பார்த்துத் தலைகீழா விழுந்தா தானா எழுந்திருக்க வராது. சத்தமும் வராது, அதுதான் கொடுமை. அரை வாளி கூட வேண்டாம், கொஞ்சத் தண்ணியே போதும்.

பால்கனியில நாற்காலி, ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் கைப்பிடிச் சுவர் பக்கம் இருக்கக் கூடாது. தொட்டிதான் பசங்களுக்குப் படிக்கட்டு. கதவை மேல் தாழ்ப்பாள் போட்டு வைங்க. அன்னைக்குத் துணி காயப் போட நீங்களும் பால்கனிக்குப் போகாதீங்க. பெரியவங்க வெளியில நிக்கும்போது பிள்ளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுடுறது எல்லா அடுக்குமாடியிலயும் நடக்குற விஷயம். அன்னைக்கு மட்டும் பாக்கெட் வெச்ச உடுப்பா போட்டுக்கோங்க, போனும் வீட்டுச் சாவியும் உங்க உடம்போடவே இருக்கட்டும்.

பாத்ரூம் கதவு, ரூம் கதவு எல்லாத்துக்கும் மேல ஒரு துண்டை மடிச்சுத் தொங்க விடுங்க. கதவு முழுசா சாத்தாது. விரல் நசுங்காது, உள்ளே போய்ப் பூட்டிக்கவும் முடியாது. 10 ரூபா செலவில்லாத பாதுகாப்பு.

டிவி ரிமோட், ஏசி ரிமோட், எடை பார்க்குற மெஷின், வெளிச்சம் அடிக்கிற பொம்மை, இதுல எல்லாம் பேட்டரி மூடி இறுக்கமா இருக்கான்னு பார்த்து டேப் ஒட்டுங்க. பொட்டு மாதிரி வட்டமா இருக்குற பட்டன் பேட்டரி தொண்டையில மாட்டினா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிடும். முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம, எக்ஸ்ரே எடுக்கிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரா ஓடணும். கொசு விரட்டுற திரவ பாட்டில், அந்துருண்டை, பினாயில், மண்ணெண்ணெய், பெரியவங்க பிரஷர் சுகர் மாத்திரை எல்லாம் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிடுங்க. அலமாரி மேல்தட்டுல வெச்சா பசங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஏறி எடுப்பாங்க. மண்ணெண்ணெய் குடிச்ச பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, அது நுரையீரலுக்குள்ள போயிடும்.

அஞ்சறைப்பெட்டி
சமையலை முடிஞ்ச வரைக்கும் அவங்க வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. எட்டு மணிக்கு மேல அடுப்பு எரியாம இருந்தா அன்னைக்குப் பாதி நிம்மதி.

காலையில இட்லி. பாப்பாவுக்கு 1, ரொம்ப போனா ஒன்றரை. பசங்களுக்கு ஆளுக்கு 3, மூத்தவளுக்கு 3 இல்ல 4, உங்களுக்கு 4. ஒரு கிலோ மாவு பாக்கெட்டுல 18-ல இருந்து 20 வரும், மிச்சம் நாலு சாயங்காலம் பொடி இட்லிக்கு ஆகும். சட்னியில காரம் சேர்க்காம தேங்காயும் பொட்டுக்கடலையும் மட்டும். உங்களுக்கு வேணும்னா தனியா மிளகாய் தாளிச்சுக்கோங்க.

மத்தியானம் ஒரே குக்கர்ல பருப்பு சாதம். ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், பூண்டு 4 பல், ஒரு சொட்டு எண்ணெய், கேரட்டும் பீன்ஸும் பொடியா நறுக்கி ஒரு கைப்பிடி, தண்ணி 6 டம்ளர். 5 லிட்டர் குக்கர்ல தாராளமா அடங்கும், 5 விசில். மூணு டம்ளர் தண்ணி மட்டும் வெச்சா உதிரியா நிக்கும், பாப்பா துப்பிடும். காலையில செஞ்சு மூடி வெச்சது 12 மணிக்கு இறுகிடும், பரிமாறும்போது அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கரண்டியால மசிச்சு நெய் விடுங்க. தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல் தவிர வேற எதுக்கும் போகாதீங்க, இது பரிசோதனை பண்ற நாள் இல்லை. கடைசியா ஆளுக்கு ரெண்டு வாய் தயிர் சாதம்.

ஊட்டுறதுல ஒரு விஷயம். தட்டுல போட்டு நாலு பேரையும் தனித்தனியா சாப்பிடச் சொன்னா ஒரு மணி நேரம் இழுக்கும். பெரிய கிண்ணத்துல பிசைஞ்சு வட்டமா உட்கார வெச்சு ஆளுக்கு ஒரு உருண்டை கையில வெச்சுக்கிட்டே வந்தீங்கன்னா 20 நிமிஷத்துல முடியும். அடுத்த உருண்டை தனக்கு எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே எல்லாரும் தின்னுடுவாங்க. பாப்பாவுக்கு மட்டும் சின்ன உருண்டையா, உட்கார்ந்திருக்கும்போது மட்டும். ஓடிக்கிட்டே வாய்ல சோறு கூடாது.

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்
அஞ்சறைப்பெட்டி அக்கா சொன்ன கடைசி வரியைப் பிடிச்சுக்கோங்க. தின்பண்டம் வாங்கும்போது மூத்தவளுக்குப் பிடிச்சதை வாங்குவீங்க, அதுல ஒண்ணு பாப்பா கைக்குப் போகும். முழு வேர்க்கடலை, கடலை மிட்டாய், பாப்கார்ன், கெட்டி முறுக்கு, பச்சைக் கேரட் துண்டு, ஜெல்லி மிட்டாய் எதுவும் அன்னைக்கு வீட்டுக்குள்ளயே வேண்டாம். திராட்சைன்னா நீளவாக்குல நாலா வெட்டணும், குறுக்கால வெட்டின வட்டத் துண்டு தொண்டையை அப்படியே அடைக்கும். சுண்டல்னா பாப்பாவுக்கு நசுக்கிக் கொடுங்க. சீத்தாப்பழம், இலந்தை எல்லாம் விதை இருக்கு, வேண்டாம். சாயங்காலத்துக்கு வாழைப்பழமும் அவிச்ச சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போதும்.

தொண்டையில அடைச்சுக்கிட்டா: சத்தமா இருமுற பிள்ளையை இரும விடுங்க, தட்டாதீங்க. சத்தமே வராம, அழ முடியாம, உதடு நீலமா மாறினா உடனே முன்பக்கமா சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால 5 தடவை அழுத்தமா தட்டணும். வெளியே வரலைன்னா பின்னாடி நின்னு, தொப்புளுக்கு மேலயும் விலாவுக்குக் கீழயும் கையை முஷ்டியா வெச்சு உள்ளேயும் மேலேயுமா 5 தடவை அழுத்தணும். மாத்தி மாத்திச் செய்யணும். வயித்தை அழுத்துறது ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு மட்டும், உங்க பாப்பா 20 மாசம், சரிதான். வாய்க்குள்ள பொருள் கண்ணுக்குத் தெரியாம விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிடும். அதே சமயம் மூத்தவளை 108-க்கு போன் பண்ணச் சொல்லுங்க. காலையிலேயே அவளுக்கு அந்த நம்பரையும் உங்க வீட்டு முகவரியையும் ஒரு தாள்ல எழுதிக் கதவுல ஒட்டிக் காட்டிடுங்க.

செண்பகம்_திருச்சி
ரொம்ப நன்றி அக்கா. பாப்பாவுக்கு ரெண்டு நாளா லேசா சளி. காய்ச்சல் வந்தா கொடுக்கச் சொல்லி பாராசிட்டமால் சிரப் அனுப்புறேன்னு நாத்தனார் சொன்னாங்க. எங்க வீட்லயும் ஒரு பாட்டில் இருக்கு, விருந்தாளிங்க விட்டுட்டுப் போனது. அதையே கொடுக்கலாமா?

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்
கூடாது. இதுக்கு நீளமா பதில் சொல்றேன், ஏன்னா தப்பு நடக்குற இடமே இதுதான். "பாராசிட்டமால் சிரப்"னு ஒரே பேர்ல வேற வேற வீரியத்துல விக்குது. 5 மில்லியில 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்குறது ஒண்ணு, 5 மில்லியில 250 இருக்குறது ஒண்ணு, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்துல 1 மில்லியிலேயே 100 இருக்கும். வழக்கமான அளவு ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். பாப்பா 10 கிலோன்னா 150 மில்லிகிராம். அது 120 சிரப்புல 6 மில்லி சொச்சம், 250 சிரப்புல 3 மில்லி, சொட்டு மருந்துல ஒன்றரை மில்லி. அம்மா போன்ல "6 மில்லி கொடு"ன்னு சொல்லி, நீங்க கையில எடுத்தது 250 பாட்டிலா இருந்தா ரெண்டு மடங்கு போயிடும்.

அதனால அவங்க அனுப்புற பாட்டில், அதோட வர்ற மில்லி அளவு போட்ட மூடி அல்லது சிரிஞ்சு, டாக்டர் எழுதின அளவு, பாப்பாவோட எடை, இதெல்லாம் ஒரே பையில வரட்டும். கடைசியா எத்தனை மணிக்குக் கொடுத்தாங்கன்னும் எழுதி வாங்குங்க. அடுத்த வேளைக்கு 6 மணி நேர இடைவெளி விட்டா நல்லது. சமையல் ஸ்பூன்ல அளக்காதீங்க, ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. உங்க வீட்டு பாட்டிலைத் தூக்கிப் போட்டுடுங்க, திறந்து எத்தனை நாள் ஆச்சுன்னே தெரியாது.

வயித்துப்போக்கு ஆனா ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில முழுசா கரைக்கணும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம்னு பிரிச்சுக் கரைச்சா உப்பு அளவு மாறிடும். சூடு பட்டா ஐஸ், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணியில 20 நிமிஷம்.

கோவை_மாமா
காலையில நாத்தனார் கிளம்புறப்ப பாப்பாவுக்குக் காக்கா காட்டிட்டே அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருங்க, அம்மா சத்தமில்லாம கிளம்பட்டும். பார்த்தா அழுதே தீர்த்துருமுங்க.

பால்வாடி_டீச்சர்
மாமா, மன்னிக்கணும், இதுல நான் ஒத்துக்க மாட்டேன். சொல்லாம போனா பாப்பா அழுறது குறையாது, தள்ளித்தான் போகும். அப்புறம் நாள் முழுக்க நீங்க சமையலறைப் பக்கம் திரும்பினாக்கூட, நீங்களும் காணாமப் போயிடுவீங்கன்னு முந்தானையை விடாது. அம்மா பாப்பாவைக் கட்டிப் பிடிச்சு "சாயங்காலம் வந்துடுவேன்"னு சொல்லிட்டு, டாட்டா காட்டிட்டுப் போகட்டும். ஒரே தடவை. திரும்பி வந்து இன்னொரு முத்தம் கொடுக்குறதுதான் அழுகையை நீட்டும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துல அடங்கும். அம்மா உடுத்தின பழைய துப்பட்டா ஒண்ணு துவைக்காம வாங்கி வெச்சுக்கோங்க, தூங்க வைக்கும்போது உதவும்.

கோவை_மாமா
அதுவும் சரிங்க டீச்சர். தூங்க வைக்கத் தூளி கட்டலாமுங்களா?

பால்வாடி_டீச்சர்
வீட்டுல கொக்கி இருந்து, பாப்பாவுக்குப் பழக்கமும் இருந்தா கட்டலாம். ஆனா எழுந்த உடனே அவிழ்த்துடணும். ஆறு வயசுப் பசங்க தூளியைப் பார்த்தா ஊஞ்சலாக்கி முறுக்கி ஆடுவாங்க. சேலை கழுத்தைச் சுத்தி இறுகி உயிர்போன சம்பவங்கள் நம்ம ஊர்ல உண்டு. பாயும் தலகாணியும் தரையில போட்டுத் தட்டித் தூங்க வைக்கிறதுதான் அன்னைக்கு நல்லது. உருண்டாலும் விழாது.

செல்வி73
சண்டையைப் பத்தி யாரும் பேசலையே. இரட்டைப் பசங்கன்னா அதுதான் பெரிய வேலை.

"யார் முதல்ல ஆரம்பிச்சது?"ன்னு கேக்காதீங்க. கேட்டா ரெண்டு பேரும் வக்கீலாயிடுவாங்க, மூத்தவ சாட்சி சொல்ல வருவா, பத்து நிமிஷம் போச்சு. பொருளைக் கையில வாங்குங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க உட்காருங்க, அப்புறம் பேசுங்க. ஒரே பொருளுக்குச் சண்டைன்னா போன்ல 7 நிமிஷ அலாரம். நீங்க "போதும், கொடு"ன்னா உங்க மேல கோபம் வரும், அலாரம் அடிச்சா யார் மேலயும் கோபம் வராது. முதல் முறை யாருக்குன்னு காசு சுண்டுங்க. பழம், பலகாரம் பங்கு போட ஒருத்தன் பிரிக்கணும், இன்னொருத்தன் முதல்ல எடுத்துக்கணும். இழை பிசகாம அளந்து வைப்பான் பாருங்க.

இரட்டையருக்கு ஒரே வேலையைக் கொடுக்காதீங்க. ஒருத்தன் பட்டாணி உரிக்கட்டும், இன்னொருத்தன் காய்ஞ்ச துணியில சாக்ஸ் ஜோடி சேர்க்கட்டும். ஒரே வேலைன்னா யார் வேகம்னு போட்டி, போட்டி முடிஞ்சா அடி.

எல்லாத்தையும் விட முக்கியம் மூத்தவ. ஒன்பது வயசுப் பிள்ளையை "நீதானே பெரியவ, பாப்பாவைப் பார்த்துக்கோ"ன்னு நாள் முழுக்க ஆயாவாக்கிடாதீங்க. அது அவ வேலை இல்லை, பாப்பா விழுந்தா பழியும் அந்தப் பிள்ளை தலையில விழும். வேலை சொல்லுங்க, பொறுப்பு கொடுக்காதீங்க. "டயப்பர் பையை எடுத்துட்டு வா"ன்றது வேலை. "நான் குளிச்சுட்டு வர்றேன், பார்த்துக்கோ"ன்றது பொறுப்பு. பாப்பா தூங்குற நேரத்துல அவளுக்கு மட்டும் 40 நிமிஷம் ஒதுக்குங்க. படிக்கட்டும், வரையட்டும், உங்ககூடப் பேசட்டும், பசங்க அந்தப் பக்கம் வரக் கூடாது. அதுக்கப்புறம் சாயங்காலம் அவளே உங்களுக்குக் கை கொடுப்பா.

அஞ்சறைப்பெட்டி
செல்வி சொன்னது நூத்துக்கு நூறு. விளையாட்டுக்கு: காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஹால்ல சாக்பீஸால பாண்டிக் கட்டம் போட்டுடுங்க. சாமான் குறைச்சு, ஓட்டம் அதிகம். டைல்ஸ் தரைன்னா சாக்ஸ் போட விடாதீங்க, வழுக்கும். ஒரு டம்ளர் கோதுமை மாவு பிசைஞ்சு நாலு உருண்டையா கொடுத்தா அரை மணி நேரம் ஓடும். ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி, ஒரு டம்ளர் மூடி. கடையில விக்கிற கலர் மாவுலயும் உப்பு போட்டுப் பிசையிற மாவுலயும் உப்பு ரொம்ப அதிகம், பாப்பா இருக்குற வீட்டுல வேண்டாம்.

பல்லாங்குழி, தாயம் எல்லாம் பாப்பா தூங்கினப்புறம்தான். புளியங்கொட்டையும் சோழியும் எண்ணி எடுத்து எண்ணி உள்ளே வைங்க. ராஜா ராணி மந்திரி திருடன் போலீஸ் சீட்டு ஆட மூணு பிள்ளையும் நீங்களுமா நாலு பேர் ஆகுறீங்க, ஒரு சீட்டைக் குறைச்சுக்கோங்க.

கோவை_மாமா
டிவி காட்டலாமுங்களா? எல்லாரும் பயமுறுத்துறாங்க.

பால்வாடி_டீச்சர்
இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல சொன்னது: 2 வயசுக்குள்ள வேண்டாம், 2-ல இருந்து 5 வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், அதுக்கு மேல 10 வயசு வரைக்கும் நாளுக்கு 2 மணி நேரத்துக்குள்ள. ஆகவே மூத்த மூணு பேருக்கும் ஒரு முக்கால் மணி நேரம் தப்பில்லை. அதைக் காலையிலேயே செலவு பண்ணிடாம 6 மணிக்கு வைங்க. எல்லாரும் களைச்சிருப்பாங்க, உங்களுக்கும் பாப்பாவைக் கழுவித் துடைக்க நேரம் கிடைக்கும். போன் வேண்டாம், டிவி போடுங்க. போன்னா யார் கையில இருக்குறதுன்னே சண்டை. தானா அடுத்தது ஓடுற மாதிரி வைக்காதீங்க, "இந்த ரெண்டு கதை முடிஞ்சா அணைச்சிடுவோம்"னு முன்னாடியே சொல்லிடுங்க. நடுவுல அணைக்கிறதுதான் அழ வைக்கும்.

செண்பகம்_திருச்சி
சாயங்காலம் பக்கத்துல இருக்குற மாநகராட்சி பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம்னு நினைச்சேன். ஒரு ரோடு தாண்டணும். முடியுமா?

செல்வி73
முடியும், ஆனா 4:30-க்கு மேல. அதுக்கு முன்னாடி இரும்புச் சறுக்கு நெருப்பா இருக்கும். புறங்கையை வெச்சுப் பார்த்துட்டு ஏற விடுங்க. வீட்டை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி நாலு பேரையும் நிக்க வெச்சு அன்னைக்குப் போட்டிருக்குற உடுப்போட ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. யாராவது காணாமப் போனா "சிவப்பு சட்டையா, ஊதாவா"ன்னு யோசிக்க வேண்டியதில்லை.

ஆளுக்கு ஒரு நம்பர் கொடுங்க, 1, 2, 3, 4. "எண்ணு"ன்னு சொன்னா அவங்கவங்க நம்பரைக் கத்தணும். பாப்பாவுக்காக மூத்தவ சொல்லட்டும். பசங்களுக்கு இது விளையாட்டு, உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வருகைப் பதிவு.

ரோடு தாண்டும்போது பாப்பா உங்க இடுப்புல, சுட்டியான பையன் உங்க கையில, மத்தவன் மூத்தவ கையில, மூத்தவ உங்களுக்குப் பக்கத்துல வண்டி வராத பக்கமா. எதிர்ப்பக்கம் போனதும் எண்ணு. பூங்காவுல ரெண்டு வாசல் இருந்தா, வாசல் தெரியுற பெஞ்சுல உட்காருங்க, மரத்தடி பெஞ்சு வேண்டாம். யாராவது கண்ணுக்குத் தெரியலைன்னா மத்த பிள்ளைங்களைத் தேட அனுப்பாதீங்க. வாட்ச்மேனை வாசலுக்கு அனுப்பிட்டு, பேரையும் சட்டைக் கலரையும் சத்தமா சொல்லிக் கூப்பிடுங்க. அஞ்சு நிமிஷத்துல கிடைக்கலைன்னா 112, குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கு.

5:30-க்குக் கிளம்பணும்னா 5:20-க்கே "இன்னும் ரெண்டு சறுக்கு"ன்னு எண்ணிக்கையா சொல்லுங்க. "இன்னும் பத்து நிமிஷம்"னா ஆறு வயசுக்கு அது என்னன்னு புரியாது.

செண்பகம்_திருச்சி
எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டேன். கடைசியா ஒண்ணு, பிள்ளைங்களைத் திருப்பி விடும்போது என்ன சொல்லணும்?

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்
ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, அவங்களே களைச்சு வந்திருப்பாங்க, வாயால சொன்னா மறந்திடும். பாப்பா தூங்கின நேரம், எழுந்த நேரம், மருந்து கொடுத்திருந்தா மணியும் மில்லியும், எத்தனை தடவை மலம் போச்சு, கடைசியா என்ன சாப்பிட்டுச்சு. யாராவது தலையில அடிபட்டிருந்தா சின்னதா இருந்தாலும் மறைக்காதீங்க. எத்தனை மணிக்கு, எங்க, எவ்வளவு உயரத்துல இருந்துன்னு சொல்லுங்க. ராத்திரி திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழுந்திரிக்காத மயக்கம், வலிப்பு, நடை தள்ளாடுறது, இதுல எது வந்தாலும் நேரா ஆஸ்பத்திரின்னும் சொல்லிடுங்க.

செல்வி73
பசங்க போட்ட சண்டையை அவங்க காதுபட அம்மாகிட்ட சொல்லாதீங்க. அவசியம்னா மறுநாள் போன்ல. ஈரத்துணியைத் தனி கவர்ல கட்டுங்க, துப்பட்டாவை மேலாக வைங்க. போற வழியில பாப்பா அதைத்தான் கேக்கும்.